கழற்றியதன் தலைகீழ்: ஒரு கையேட்டு வாக்கியம் பற்றி

கார் ரிப்பேர் கையேடுகளைப் புரட்டியவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்றாகப் பரிச்சயமாகி இருக்கும். ஒரு பாகத்தை எப்படிக் கழற்றுவது என்பதை எட்டுப் படி, பத்துப் படி என்று படத்தோடு விளக்குவார்கள். இந்த ஸ்க்ரூவை எடு, அந்தக் கிளிப்பை நெம்பு, இந்த ஒயரைப் பிடுங்கு. எல்லாம் முடிந்து, திரும்பப் பூட்டுவது எப்படி என்ற இடத்துக்கு வந்ததும் ஒரே ஒரு வரி. கழற்றியதைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்று அர்த்தம் வரும். பிரிட்டிஷ் பதிப்பில் ஒரு சொல், அமெரிக்கப் பதிப்பில் இன்னொரு சொல், ஜப்பானியக் கம்பெனிகளின் சொந்தக் கையேடுகளில் வேறொரு சொல். விஷயம் ஒன்றுதான்.

இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றிய விமர்சனம். ஒரு வரிக்கு இவ்வளவு நீளமா என்று கேட்பீர்கள். ஒரு மோசமான சினிமா நம்முடைய இரண்டரை மணி நேரத்தை வீணாக்கும், அதற்கே பத்தி பத்தியாக எழுதுகிறோம். இந்த வரி என் காரின் ஒரு கதவை வீணாக்கியது. தவிர, இதே வரியை நானே ஒரு இடத்தில் எழுதி இன்னொருத்தருடைய ராத்திரியை வீணாக்கியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்றேன்.

முதலில் கார். 1990 மாடல் மாஸ்டா மியாட்டா. ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயர்களில் விற்றது. இரண்டே சீட், துணிக்கூரை, தலை நிமிர்த்தும் ஹெட்லைட். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமானபோது இதன் அடிப்படை விலை 13,800 டாலர். தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு எடையைக் குறைப்பதில் வெறியாக இருந்ததாலும், இந்த விலைக்குள் அடக்க வேண்டியிருந்ததாலும், வண்டிக்குள் இருக்கும் எல்லாமே தேவைக்கு மேல் ஒரு கிராம்கூட இல்லாத மாதிரி இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் தோலும் மரமும் கற்பனை பண்ணாதீர்கள். என்னுடையது கையால் சுற்றிக் கண்ணாடி ஏற்றுகிற வண்டி. சியாட்டில் பக்கம் வசிக்கிறேன். கராஜில் மனைவியின் காரும் மகளின் சைக்கிளும் வேறு பல மூட்டைகளும் இருப்பதால் மியாட்டா வெளியேதான் நிற்கும். இங்கே அக்டோபரில் ஆரம்பிக்கிற மழை வசந்தம் வரைக்கும் விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். இது முக்கியமான தகவல். மழையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவின் உள்பக்கம் மூடியிருக்கிற அட்டையை நம்ம ஊர் மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்கள். பிரிட்டனில் டோர் கார்டு என்கிறார்கள். இந்த வண்டியைப் பொறுத்தவரை கார்டு என்பது நிஜமாகவே அட்டைதான். மரநாரை அழுத்திச் செய்த ஹார்ட்போர்டு, அதன் மேல் ஒரு வினைல், அதாவது ரெக்சின். ஸ்கூல் நாட்களில் பரீட்சைக்குக் கொண்டுபோன கிளிப் வைத்த அட்டை ஞாபகம் இருக்கிறதா? அதே ஜாதி. ஒரு நாள் மழையில் அதை நனைத்தவர்களுக்குத் தெரியும், மூலை ஊதிப் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். காய வைத்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அழுத்தத்தில் நசுங்கியிருந்த நார்கள் தண்ணீர் பட்டதும் விரிகின்றன. விரிந்ததை மறுபடி நசுக்க, வெயிலிடம் பிரஸ் எந்திரம் இல்லை.

இந்த அட்டை கதவோடு எப்படி நிற்கிறது? மேல் விளிம்பு கண்ணாடி இறங்கும் இடுக்கில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். உள் கைப்பிடிப் பக்கம் ஸ்க்ரூ. மற்றபடி சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள். ஒவ்வொரு கிளிப்பின் தலையும் அட்டையில் வெட்டிய ஓட்டையில் உட்கார்ந்திருக்கும், வால் கதவின் தகட்டு ஓட்டைக்குள் போய் விரிந்து பிடித்துக்கொள்ளும்.

சில வருஷங்களுக்கு முன்னால் பயணி பக்கக் கண்ணாடி ஏற்றுவது ரொம்பக் கனமாகிவிட்டது. உள்ளே காய்ந்துபோன கிரீஸை மாற்ற வேண்டும். கையேட்டைத் திறந்து, படிப்படியாகக் கழற்றினேன். அட்டை வந்தது. அதன் பின்னால் கதவு முழுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட், ஓரமெல்லாம் தார் மாதிரி கறுப்பாக ஒட்டும் பசை. கவனமாக உரிக்கவும் என்ற வார்த்தை இந்த வகைப் புத்தகங்களில் எப்போதும் வரும். ஏன் கவனம் என்பது வராது. முப்பது வருஷத்துப் பசை, கையெல்லாம் ஒட்டி, ஷீட் இரண்டு மூன்று இடத்தில் கிழிந்தது. தொழிற்சாலையில் ஏதோ பேக்கிங்குக்குப் போட்டதை எடுக்காமல் விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்து, சுருட்டிக் குப்பையில் போட்டேன். கிரீஸ் போட்டேன். பிறகு கழற்றியதைத் தலைகீழாகச் செய்தேன். கண்ணாடி வெண்ணெய் மாதிரி ஏறியது. பெருமையாக இருந்தது.

(புதுக் கார் வாங்கி மூணு வருஷம் ஆனாலும் சீட்டு பாலிதீனைக் கிழிக்காத குடும்பத்தில் பிறந்தவன் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரின் பாலிதீனைக் கிழித்துப் போட்டேன், அதுவும் இருந்தே ஆக வேண்டியதை.)

கதவு என்பது தண்ணீர் புகாத பெட்டி கிடையாது. எனக்கு இது நாற்பது வயது வரைக்கும் தெரியாது. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒரு ரப்பர் உதடு இருக்கிறது, அது பெரும்பாலான தண்ணீரைத் துடைத்துத் தள்ளும். மீதி கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் போகும். போகட்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். கதவின் அடியில் வடிகால் ஓட்டைகள் இருக்கின்றன, அதன் வழியாக வெளியேறிவிடும். அந்தப் பயணத்தில் தெறிக்கும் தண்ணீர் அட்டைமேல் படாமல் தடுப்பதுதான் பிளாஸ்டிக் ஷீட்டின் வேலை. அதிலும் சூட்சுமம் ஷீட்டின் கீழ் விளிம்பில் இருக்கிறது. அதைக் கதவின் தகட்டுக்கு உள்ளே செருகிவிட வேண்டும். ஷீட்டில் வழியும் தண்ணீர் அப்போதுதான் கதவுக்குள்ளேயே சொட்டி, வடிகாலுக்குப் போகும். வெளியே தொங்கவிட்டால் ஷீட்டே தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போய் அட்டையின் அடியில் ஊற்றும். ஓட்டுக்கூரையில் ஒரு ஓட்டின் நுனியை அடுத்த ஓட்டுக்கு மேல் வைக்கிறதா கீழே வைக்கிறதா என்ற அதே கேள்வி.

ஷீட் இல்லாமல் இரண்டு மழைக்காலம் ஓடியது. பிறகு பள்ளத்தில் இறங்கினால் கடகட என்று ஒரு சத்தம். வண்டிச் சத்தங்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, இடைவெளி இருக்கும் இரண்டு பொருள்கள் மோதுவது, அது கடகட. இன்னொன்று, ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகள் பிடித்து வழுக்கி, பிடித்து வழுக்கி நகர்வது, அது கிறீச். கடகடவுக்கு இடைவெளியை அடைக்க வேண்டும், அல்லது பிடிமானத்தை மீட்க வேண்டும். கிறீச்சுக்கு நடுவே துணி டேப் மாதிரி ஏதாவது வைத்து உராய்வை மாற்ற வேண்டும். ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் சத்தம் இடம் மாறும், போகாது. என்னுடையது சுத்தமான கடகட. அட்டையின் கீழ்ப்பாதி கதவைவிட்டு விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தது.

நான் என்ன செய்தேன்? மென்பொருள்காரன் என்ன செய்வானோ அதை. காரணத்தைத் தேடாமல் அறிகுறியை அடக்கினேன். கிளிப் இருந்த இடத்தில் இரண்டு ஸ்க்ரூவை நேராகத் தகட்டில் இறக்கினேன். சத்தம் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியை முழுசா இறக்கி ஏற்றியபோது, அதில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. கதவுக்குள் இறங்கிய கண்ணாடி, என் ஸ்க்ரூவின் கூர்முனையை உரசிக்கொண்டே போய்வந்திருக்கிறது. அப்போதுதான் அட்டையை மறுபடி கழற்றினேன். கழற்றினேன் என்று சொல்வதைவிட, கையோடு வந்தது என்பது சரி. அடி விளிம்பு ஊதி, கறுத்து, விரலால் நிமிண்டினால் உதிர்ந்தது.

கிளிப்புகள் எங்கே என்று தேடினேன். அவை கதவுத் தகட்டில் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துண்டு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சி எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. கிளிப் என்பது ஃபியூஸ் மாதிரி. ஒரு கை நிறைய சில டாலருக்குக் கிடைக்கும். எதாவது ஒன்று உடைந்துதான் ஆக வேண்டும் என்றால் அது கிளிப்பாக இருக்கட்டும், அட்டையும் தகடும் தப்பிக்கட்டும் என்பது கணக்கு. வண்டி புதுசாக இருக்கும்போது இந்த வரிசை சரியாக வேலை செய்யும். வயதானதும் தலைகீழாகிவிடுகிறது. அட்டை தண்ணீர் குடித்துப் பலவீனமாகிறது. கிளிப் காய்ந்து, விறைத்து, தகட்டு ஓட்டையின் துருவோடு கைகோத்துக்கொள்கிறது. இப்போது நெம்பினால் உடைய வேண்டியது உடையாது, உடையக்கூடாதது கிழியும். இதில் வடிவமைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து வருஷம் ஓட வேண்டிய ஒரு மலிவான, இலேசான காருக்கு அந்த அட்டை நியாயமான முடிவுதான். முப்பது வருஷம் கழித்து ஒருத்தன் சியாட்டில் மழையில் ஷீட்டைப் பிய்த்துப் போடுவான் என்று ஹிராய் கனவு கண்டிருக்க வேண்டியதில்லை.

கையேட்டை எழுதியவர்கள்மேல்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. அதையும் மரியாதையோடுதான் வைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கையேடுகள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவன் போனட்டைக்கூடத் திறந்திருக்க மாட்டான். ஜான் ஹெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயர் விமானப்படையில் ஏடனில் இருந்தபோது, நண்பர் வாங்கிய ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காரைச் சரிசெய்ய உதவப் போனார். கம்பெனிக் கையேடு சாதாரண ஆளுக்குப் பயன்படுகிற மாதிரி இல்லை என்று கண்டு, தானே என்ஜினைப் பிரித்துப் படமெடுத்து எழுத ஆரம்பித்தார். 1966இல் அந்த ஸ்ப்ரைட் கையேடு வந்தது. ஒரு வண்டியை முழுசாகப் பிரித்து, மறுபடி பூட்டி, பார்த்ததை மட்டும் எழுதுவது என்பது அவருடைய முறை. ஆராய்ச்சி முறை என்றே அதைச் சொல்வேன். மெக்கானிக் தொழிலின் ரகசியத்தைச் சாதாரண மனுஷனின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்த காரியம் அது.

ஆனால் அந்த முறைக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. புத்தகம் எழுதப்படும்போது வண்டி இளசு. வாசிக்கப்படும்போது கிழடு. ஆசிரியர் பிரித்த வண்டியில் கிளிப் வளைந்து கொடுத்தது, அட்டை உறுதியாக இருந்தது, பசை இன்னும் ஒட்டியது. அவருக்குப் பூட்டுவது உண்மையிலேயே கழற்றியதன் தலைகீழாக இருந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. தான் பார்த்ததைச் சொன்னார். அந்த வாக்கியம் அவருடைய மேஜையில் உண்மை, என் வாசலில் பொய். வண்டியின் வயதை ஒரு மாறியாகவே எடுத்துக்கொள்ளாத எழுத்து அது.

சரி, புத்தகத்தில் இடமில்லை, எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதினால் தலையணை அளவு வரும் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே புத்தகங்களின் என்ஜின் பகுதியைப் பாருங்கள். ஹெட் கேஸ்கெட்டைத் திரும்பப் பயன்படுத்தாதே, புதுசு போடு என்பார்கள். நசுங்கிய வாஷரை மாற்று, இழுபட்ட போல்ட்டை மாற்று, கொட்டர் பின்னை இரண்டாவது தடவை வளைக்காதே என்பார்கள். எந்த வரிசையில் எத்தனை டார்க்கில் முறுக்க வேண்டும் என்று அட்டவணை போடுவார்கள். ஆக, சில காரியங்களைத் திருப்பிச் செய்ய முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவு என்ஜினோடு நின்றுவிடுகிறது. வண்டியின் உள்ளறைக்கு வந்ததும் பேச்சு மாறிவிடுகிறது. டோர் பேட் என்பது அவர்களுக்குக் கண்ணாடி மெஷினை மறைக்கிற திரை, வழியில் இருக்கிற தொந்தரவு. அதை விலக்குவது ஒரு வேலைக்கு முந்தின வேலை, தனி வேலை அல்ல. என்ஜின் ஆம்பிளை சமாச்சாரம், ரெக்சின் வீட்டு அலங்காரம் என்ற பழைய எண்ணமும் இதில் கொஞ்சம் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

கம்பெனியும் அப்படித்தான். 2017இல் மாஸ்டா, ஜப்பானில் இந்த முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குச் சீரமைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதோடு சேர்த்து மறுபடி தயாரிப்பதாகப் பேசப்பட்டவை நார்டியின் மர ஸ்டியரிங், கியர் நாப், துணிக்கூரை, பழைய டிசைனில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் ஏக்கம் எந்தப் பொருள்களின் மேல் படிகிறது என்று கவனியுங்கள். பார்க்கிற பொருள், தொடுகிற பொருள். ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டுக்காக யாரும் ஏங்குவதில்லை.

இன்னும் ஒரு உதாரணம் சொன்னால் வழக்கு முடிந்துவிடும். கண்ணாடி சுற்றும் ஹேண்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது தண்டில் நிற்பது லாடம் மாதிரி ஒரு குட்டி சி கிளிப்பால். கழற்றுவதற்கு ஒரு பழைய துணியை ஹேண்டிலுக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தால் துணியின் நூல் கிளிப்பில் மாட்டி, அது டங்கென்று தெறித்து எங்கேயோ போய் விழும். இப்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள் பார்க்கலாம். துணியை வைத்துக் கிளிப்பை உள்ளே தள்ள முடியுமா? முடியாது. பூட்டும்போது முதலில் கிளிப்பை ஹேண்டிலிலேயே பொருத்தி, பிறகு ஹேண்டிலைத் தண்டில் வைத்துக் கையால் ஒரு குத்து. இது வேறு வேலை, வேறு வரிசை. கழற்றும்போது ஹேண்டில் எந்தக் கோணத்தில் நின்றது என்று முன்கூட்டிப் பார்த்து வைக்காவிட்டால், கண்ணாடி மூடியிருக்கையில் அது முழங்காலில் இடிக்கும். கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய, கழற்றும்போது தேவையே படாத ஒரு காரியம் அது. தலைகீழ் என்ற சொல்லுக்குள் அது எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் ராபர்ட் பிர்சிக்கை நினைக்காமல் இருக்க முடியாது. 1974இல் வந்த ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ புத்தகத்தில், சிக்கிக்கொண்ட ஒரே ஒரு ஸ்க்ரூ முழு பைக்கையும் எப்படி மதிப்பற்றதாக்கிவிடுகிறது என்று நீளமாக யோசிப்பார். அவரே தொழில்நுட்பக் கையேடு எழுதிப் பிழைத்தவர் என்பதால் அந்தப் பகுதி எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அவர் சீக்கிரமே ஸ்க்ரூவை விட்டுவிட்டு மனசுக்குப் போய்விடுகிறார். சிக்கல் ஸ்க்ரூவில் இல்லை, உன் பார்வையில் என்கிற திசையில். என் கதவு அட்டைமுன் உட்கார்ந்தபோது எனக்கு அந்த ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. என் மனசு நன்றாகத்தான் இருந்தது. மரநார்தான் ஊதியிருந்தது. எந்தத் தியானமும் அதைச் சுருக்காது. பொருளின் பிரச்சினையைப் பொருளாகவே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம் என்று அவரைப் பற்றி எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு.

பேசுவதற்கு நிறைய இருக்கிறது. அட்டையை இரண்டு பலகைக்கு நடுவில் பாரம் வைத்து வீட்டுக்குள் காய வைத்தேன். உதிர்ந்த விளிம்பில் தண்ணியான எபாக்சியை ஊற ஊற விட்டேன், நார் அதைக் குடித்துக் கல்லாகியது. கிளிப் ஓட்டை கிழிந்த இடங்களுக்குப் பின்னால் வைக்கத் தகடு வேண்டும். பிர்சிக் ஹேண்டில்பாருக்கு பீர் கேனை வெட்டலாம் என்றார். எனக்கு காலாவதியான பழைய நம்பர் பிளேட் இருந்தது, இங்கே அது அலுமினியம். சின்னச் சதுரங்களாக வெட்டி, கிளிப் தலைக்கு ஓட்டை போட்டு, உப்புத்தாளால் தேய்த்து எபாக்சியில் ஒட்டினேன். கடையில் கிடைக்கும் தடித்த பாலிதீனில், அட்டையையே அச்சாக வைத்துப் புது ஷீட் வெட்டினேன். கயிறு மாதிரி சுருளாக வரும் பியூட்டைல் பசை, புதுக் கிளிப்புகள். கிளிப்புகளைப் பூட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டுவைத்தேன். நைலான் தண்ணீரை உறிஞ்சி இளகும், குளிரில் அப்படியே குத்தினால் வால் முறியும். எல்லாம் சேர்த்து நாற்பது டாலருக்குள் முடிந்தது. வடிகால் ஓட்டையில் இலைச் சகதி அடைத்திருந்ததை ஒரு ஒயரால் குத்தி எடுத்தபோது கால் டம்ளர் தண்ணீர் வந்தது. அட்டையைக் கழற்றிய ஒருத்தன் முதலில் பார்க்க வேண்டிய ஓட்டை அது. முதல் தடவை கழற்றும்போது எனக்கு அது தோன்றவே இல்லை, ஏனென்றால் நான் கண்ணாடியைப் பற்றி மட்டும் வாசித்திருந்தேன்.

இப்போது அந்த ராத்திரி விஷயம்.

அமெரிக்கா வருவதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை. வாடிக்கையாளரின் முகவரி முழுக்க ஒரே பெட்டியில் சேமித்திருந்தது. அதைக் கதவு எண், தெரு, பின்கோடு என்று மூன்று பெட்டியாகப் பிரிக்கும் வேலை என்னுடையது. பிரித்து, நகர்த்தி, பழைய பெட்டியை நீக்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி என்ற தலைப்பின்கீழ், கையேட்டில் நான் எழுதியது ஒரே வரி: மேலே உள்ள படிகளைத் தலைகீழாகச் செய்யவும்.

ராத்திரி வேறு எங்கேயோ கெட்டுப்போனது. ஷிஃப்டில் இருந்தது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண். நான் எழுதிய வரியை அப்படியே செய்தாள். பழைய பெட்டியை உருவாக்கினாள், மூன்று பெட்டியையும் சேர்த்து அதில் போட்டாள், மூன்றையும் நீக்கினாள். எல்லாம் வெற்றி என்று திரை சொன்னது. காலையில் டெலிவரி பையன்கள் போன் பண்ண ஆரம்பித்தார்கள். நம்ம ஊர் முகவரியில் பாதி உயிர் எங்கே இருக்கும்? தண்ணி டேங்க் பின்னாடி, பிள்ளையார் கோயில் எதிர்சந்து, பச்சை கேட், மாடியில். அதெல்லாம் எண்ணுமில்லை, தெருவுமில்லை, பின்கோடுமில்லை. என் ஸ்கிரிப்ட் பிரிக்கும்போதே அவற்றைக் கீழே போட்டுவிட்டது. தலைகீழாகச் செய்தபோது பெட்டி திரும்பி வந்தது, கோயிலும் கேட்டும் வரவில்லை. முந்தின நாள் பேக்கப்பிலிருந்து அவற்றை மீட்டு, நடுவில் வந்த ஆர்டர்களோடு கையால் ஒட்டவைக்க இரண்டு நாள் ஆனது.

அடுத்த வாரக் கூட்டத்தில், சரிபார்க்காமல் ஸ்கிரிப்டை ஓட்டினது யார் என்ற கேள்வி வந்தது. அவள் எழுந்து, “நான்தான் சார்” என்றாள். கையேட்டில் இருந்ததைத்தான் செய்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வரியை எழுதினது நான் என்று அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முடிந்தபின் தனியாகப் போய்ச் சொன்னேன். “பரவாயில்லைண்ணா, நானும் ஒரு தடவை யோசிச்சிருக்கணும்” என்றாள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இன்றுவரை அது அவளுடைய தப்புதான்.

ஆகவே ஹெய்ன்ஸ் புத்தகத்தை எழுதியவர்களைத் திட்டும்போது எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அந்த வரி எப்படிப் பிறக்கிறது என்று உள்ளிருந்து தெரியும். கழற்றுகிற பகுதியை எழுதி முடித்த களைப்பில் பிறக்கிறது. எழுதுகிறவனுக்கு வேலை முடிந்துவிட்டது, செய்கிறவனுக்குப் பாதிதான் முடிந்திருக்கிறது. அந்தப் பாதியை அவன் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஒரு வாக்கியம் மாதிரி வேஷம் போட்டுவிடுகிறோம். காலியாக விட்டிருந்தாலாவது, இங்கே எதுவும் சொல்லப்படவில்லை, நாமே யோசிக்க வேண்டும் என்று வாசிக்கிறவன் உஷாராகியிருப்பான்.

போன மாதம் ஓட்டுநர் பக்கக் கதவையும் திறந்தோம். இந்தத் தடவை மகள் கூட இருந்தாள், பதினைந்து வயது. ஹேண்டில் நிற்கும் கோணத்தைப் போனில் படமெடுத்தாள், ஒவ்வொரு கிளிப்பின் இடத்துக்கும் மாஸ்கிங் டேப்பில் நம்பர் எழுதினாள். அட்டை வந்ததும் உள்ளே பழைய ஷீட் முழுசாக, அழகாக இருந்தது. நான் கத்தியை எடுப்பதற்குள், “அப்பா, இதை எதுக்கு வெச்சிருக்காங்க?” என்றாள். நான் மூன்று வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பதில் சொன்னேன். ஹேர் டிரையரால் பசையைச் சூடுபண்ணி, கிழியாமல் ஒரு பக்கம் மட்டும் உரித்தோம்.

மூடுவதற்கு முன் இரண்டு அட்டைகளின் பின்பக்கத்திலும் மார்க்கரால் எழுதிவைத்தேன். ஷீட்டின் கீழ் விளிம்பு தகட்டுக்கு உள்ளே. மேல் கொக்கியை முதலில் மாட்டு, கிளிப் அப்புறம். எல்லா ஸ்க்ரூவும் ஏறின பிறகுதான் எதையும் இறுக்கு. பயணி பக்க அட்டையில் கூடுதலாக ஒரு வரி: இங்கே நீள ஸ்க்ரூ போடாதே, கண்ணாடியைப் பார். அந்த வெள்ளைக் கோடு இன்னும் இருக்கிறது. பாலிஷ் போட்டுப் பார்த்தேன், போகவில்லை.

ஓட்டுநர் பக்கத்தில் மட்டும் இப்போது மெல்லிசாக ஒரு கிறீச். கடகட இல்லை. ஸ்பீக்கர் மூடி ரெக்சினில் உரசுகிறது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை துணி டேப் ஒட்டிப் பார்க்க வேண்டும்.